உப்பைத் தடுத்த வயல்... உப்பை வேலை வாங்கிய வயல்!

வேம்பநாட்டுக் காயல் கடலோர விவசாயிகளுக்குச் சொல்லும் பாடம்

கேரளாவில் ஒரு தடுப்பணை இருக்கிறது. அதன் ஷட்டர்களை இறக்க டிசம்பர் 15, ஏற்ற மார்ச் 15 என்று நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். ஆனால், மார்ச் மாதம் பிறந்தாலே பஞ்சாயத்தும் தொடங்கிவிடும். 'அறுவடை முடியவில்லை, இன்னும் கொஞ்ச நாள் மூடியே இருக்கட்டும்' என்பது ஒரு தரப்பு. 'தண்ணீர் நாறுகிறது, மீன் இல்லை, உடனே திறக்க வேண்டும்' என்பது இன்னொரு தரப்பு. முதல் தரப்பு நெல் விவசாயிகள். இரண்டாவது தரப்பு மீனவர்கள். இருவருக்கும் சோறு போடுவது ஒரே காயல்.

அந்த அணையின் பெயர் தண்ணீர்முக்கம். காயலின் பெயர் வேம்பநாடு. அணைக்குத் தெற்கே உப்பை வெளியே நிறுத்தி நெல் விளைவிக்கிறார்கள். வடக்கே, அதே உப்பை உள்ளே விட்டு நெல்லும் இறாலும் எடுக்கிறார்கள். ஒரே காயல், இரண்டு விவசாயம். கடல் ஓரத்தில் நிலம் வைத்திருக்கும் எந்த விவசாயிக்கும் இந்த இரண்டிலும் தெரிந்துகொள்ள வேண்டிய சேதி இருக்கிறது.

காயலுக்கு இரண்டு வாசல்

ஆறு கடலைச் சேரும் இடம் கழிமுகம். அந்த இடத்தில் அலை மணலைத் தள்ளி மேடு கட்டிவிட்டால், ஆற்றுநீர் கடலுக்குள் நேராகப் போக முடியாமல் உள்ளே பரந்து நிற்கும். அதுதான் காயல், உப்பங்கழி என்றும் சொல்கிறோம். காயலுக்கு எப்போதும் இரண்டு வாசல் உண்டு. ஒன்று, நல்ல தண்ணீர் வரும் ஆற்று வாசல். மற்றொன்று, உப்புத் தண்ணீர் வந்து போகும் கடல் வாசல். எப்போதும் திறந்திருக்கும் கடல் வாசலைக் கேரளாவில் 'அழி' என்கிறார்கள். மழைக்காலத்தில் திறந்து, கோடையில் மணல் மூடிக்கொள்ளும் வாசல் 'பொழி'. கன்னியாகுமரிப் பக்கமும் இந்தச் சொல் புழக்கத்தில் இருக்கிறது.

வேம்பநாடு கேரளாவின் மிகப்பெரிய காயல். ஆலப்புழா, கோட்டயம், எர்ணாகுளம் மாவட்டங்களைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. பம்பா, அச்சன்கோவில், மணிமலா, மீனச்சில் ஆகிய ஆறுகள் தெற்கிலும், மூவாற்றுப்புழா நடுவிலும், பெரியாறு வடக்கிலும் வந்து சேர்கின்றன. கொச்சியில் இருப்பது இதன் முக்கியமான கடல் வாசல். 1341-ம் ஆண்டு பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தில்தான் பழைய முசிறித் துறைமுகத்தின் வாய் தூர்ந்து, கொச்சியில் வாய் அகன்றது என்று சொல்லப்படுகிறது. சங்க காலத்திலிருந்து தமிழர்கள் அறிந்த முசிறியின் கதையை முடித்ததும் ஒரு முகத்துவாரம்தான்.

மழைக்காலத்தில் ஆறுகளின் கை ஓங்கும். காயல் முழுக்க நல்ல தண்ணீராகிவிடும். மழை ஓய்ந்து ஆற்றில் வரத்துக் குறைந்ததும் கடலின் கை ஓங்கும். உப்புத் தண்ணீர் கனமானது. அதனால் அது மேலே தெரியாமல் அடியில் ஊர்ந்து வெகுதூரம் உள்ளே வரும். மலையாளத்தில் அதற்கு 'ஓருவெள்ளம்' என்று பெயர். நம் ஊர் 'உவர்' போன்ற சொல்.

கடல் மட்டத்துக்குக் கீழே வயல்

காயலின் தென்பகுதியில் இருக்கிறது குட்டநாடு. இங்கே கடல் மட்டத்தைவிட ஒன்று முதல் இரண்டு மீட்டர் தாழ்வான இடத்தில் நெல் விளைகிறது. 19-ம் நூற்றாண்டிலிருந்து காயலின் நடுவே தென்னை மரங்களையும் மூங்கிலையும் அடித்து இறக்கி, காயல் சேற்றை அள்ளிப் பூசி, கரை எழுப்பினார்கள். உள்ளே நின்ற தண்ணீரை முதலில் ஆட்கள் மிதிக்கும் சக்கரங்களால் இறைத்தார்கள். பிறகு 'பெட்டியும் பறையும்' எனப்படும் பெரிய மர இறைப்பான் வந்தது. சித்திரா, மார்த்தாண்டம், ராணி என்று திருவிதாங்கூர் அரச குடும்பத்தாரின் பெயர் சூட்டப்பட்ட வயல்கள் 1940-களில் இப்படிக் காயலிலிருந்து எடுக்கப்பட்டவைதான்.

இங்கே தனி ஆளாக விவசாயம் செய்ய முடியாது. ஒரே கரைக்குள் இருக்கும் வயல்கள் எல்லாம் சேர்ந்து ஒரு 'பாடசேகரம்'. கரையைக் கட்டுவது, தண்ணீரை வெளியேற்றுவது, விதைப்பது எல்லாம் கூட்டாகத்தான். உலக உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2013-ம் ஆண்டு குட்டநாட்டு விவசாயத்தை உலக வேளாண் பாரம்பர்ய முறைகளில் ஒன்றாக அங்கீகரித்தது. வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் பிறந்தது கும்பகோணம் என்றாலும், அவருடைய பூர்வீகக் கிராமம் குட்டநாட்டில் உள்ள மங்கொம்புதான். அங்கே இருக்கும் நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'உமா' ரகம், குட்டநாட்டு வயல்களில் பெருமளவு பயிராகிறது.

முக்கியமான போகத்தின் பெயர் புஞ்சை. நம் ஊரில் புஞ்சை என்றால் மானாவாரி மேட்டு நிலம். அங்கேயோ தண்ணீரை இறைத்துவிட்டுக் காயலின் அடியில் செய்யும் நெல் சாகுபடி. ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால் பங்குனியில் அறுவடை. சிக்கல் என்னவென்றால், பயிர் பால்பிடிக்கும் தை, மாசியில்தான் ஓருவெள்ளம் ஏறி வரும்.

இரண்டு கட்டுமானங்கள்

குட்டநாட்டுக்கு இரண்டு தொல்லைகள். மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் உப்பு. வெள்ளத்தைக் கடலுக்கு வடிக்க, 1955-ல் தோட்டப்பள்ளியில் நீர்ப்போக்கி கட்டப்பட்டது. விநாடிக்குச் சுமார் 64,000 கன அடி தண்ணீர் வெளியேறும் என்பது கணக்கு. ஆனால், அங்கே தண்ணீரைக் கொண்டுசேர்க்கும் கால்வாய் தேவையான அகலத்தில் இல்லை. கடல் பக்கம் மணல் மேடு வேறு அடைத்துக்கொள்கிறது. அதனால் கணக்கிட்டதில் ஒரு பகுதிதான் வெளியேறுகிறது.

உப்பைத் தடுக்க வந்தது தண்ணீர்முக்கம் தடுப்பணை. காயலின் குறுக்கே, ஆலப்புழா மாவட்டத்துத் தண்ணீர்முக்கத்திலிருந்து கோட்டயம் மாவட்டத்து வெச்சூர் வரை ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம். 1976-ல் செயல்பாட்டுக்கு வந்தது. கோடையில் ஷட்டரை இறக்கினால், தெற்கே உள்ள காயல் நல்ல தண்ணீர் ஏரியாக மாறிவிடும். உப்புக்குப் பயந்து கரைகளில் வருடந்தோறும் தற்காலிகத் தடுப்பு போடும் செலவு மிச்சம். புஞ்சை போகத்துக்கு உத்தரவாதம். இரண்டாம் போகத்துக்கும் வழி. விவசாயிகள் இந்த அணையை விரும்பியதில் தவறே இல்லை. உப்பால் மொத்தப் பயிரும் கருகிய அனுபவம் அவர்களுக்கு இருந்தது.

உப்பு நின்றதும் என்ன நடந்தது?

கோடை உப்பு, காயலுக்கு ஆண்டுதோறும் நடந்த ஒரு சுத்திகரிப்பு. நல்ல தண்ணீரில் வளரும் ஆகாயத்தாமரை உப்புப் பட்டால் வாடிப்போகும். உப்பு நின்றதும் அது காயலையும் கால்வாய்களையும் பாய் விரித்த மாதிரி மூடியது. படகுப் போக்குவரத்து திணறியது. கடல் ஏற்றவற்றத்தில் தினமும் அசைந்துகொண்டிருந்த தண்ணீர் தேங்கியது. வயலிலிருந்து வடியும் உரமும் பூச்சிக்கொல்லியும், ஊர்க் கழிவும், சுற்றுலாப் படகுகளின் கழிவும் வெளியேற வழியின்றி மாதக்கணக்கில் தங்கின. காயலின் நடுவே வசிப்பவர்கள் குடிதண்ணீருக்குத் தவிக்கும் நிலை வந்தது.

மீன்வளத்தில் விழுந்த அடி இன்னும் கடுமை. இதற்கு ஆற்று இறால் நல்ல உதாரணம். நீல நிறக் கால்களோடு பெரிதாக வளரும் இந்த இறால் ஆற்றில்தான் வாழும். ஆனால், குஞ்சு பொரிக்க உப்பு கலந்த தண்ணீர் வேண்டும். அதனால் முட்டை சுமந்த தாய் இறால் காயலில் கீழ்நோக்கி இறங்கி வரும். குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததும் திரும்ப ஆற்றுக்கு ஏறும். போகும் வழியிலும் வரும் வழியிலும் கதவு மூடியிருந்தால் என்ன ஆகும்? ஒரு காலத்தில் வேம்பநாட்டில் டன் டன்னாகக் கிடைத்த ஆற்று இறால் அரிதாகிவிட்டது. காயலின் அடியில் வளரும் கறுப்பு மட்டி இனப்பெருக்கம் செய்யவும் அளவான உப்பு தேவை. மட்டி அள்ளிப் பிழைக்கும் குடும்பங்களும் பாதிக்கப்பட்டன.

சரி, வயலாவது செழித்ததா? அங்கேயும் கணக்கு முழுமையாகக் கூடவில்லை. முன்பு உப்புத் தண்ணீர் வயலில் ஏறி இறங்கியபோது களைகளும் பூச்சிகளும் கட்டுப்பட்டன. மண்ணின் புளிப்பும் தணிந்தது. அந்த இலவச சேவை நின்றதும் களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி, சுண்ணாம்புச் செலவுகள் ஏறின.

குட்டநாட்டின் சிக்கல்களை ஆராய்ந்து எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2007-ல் அறிக்கை கொடுத்தது. அணையை இடிக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. எல்லாப் பாடசேகரங்களும் பயிர் நாட்காட்டியைப் பின்பற்றி விதைக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஷட்டர் மூடியிருக்கும் காலத்தைக் குறைக்கலாம் என்பது அதன் முக்கியமான ஆலோசனைகளில் ஒன்று. விஷயம் எளிமையானது. நான்கு மாதப் பயிரை ஒரு பாடசேகரம் நவம்பரிலும் இன்னொன்று ஜனவரியிலும் விதைத்தால், கடைசியாக விதைத்தவர் அறுக்கும் வரை கதவைத் திறக்க முடியாது. ஒருவர் தாமதமாக விதைத்தால், காயலில் உள்ள அத்தனை மீனவர்களும் காத்திருக்க வேண்டும். ஆக, இது அணையின் பிரச்னை மட்டுமல்ல. விதைப்புத் தேதியின் பிரச்னையும்கூட.

அணைக்கு வடக்கே... ஒரு நெல், ஒரு மீன்

தண்ணீர்முக்கத்துக்கு வடக்கே, கொச்சியைச் சுற்றியுள்ள தாழ்நிலங்களில் உப்பைத் தடுக்க யாரும் முயலவில்லை. அது வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் கணக்குப் பார்த்தார்கள். அந்த விவசாயத்துக்குப் பெயர் பொக்காளி. மலையாளத்தில் 'பொக்கம்' என்றால் உயரம். ஆள் உயரம் வளரும் நெல் இது.

சித்திரையில் வயலில் நிற்கும் உப்புத் தண்ணீரை வடித்து, காயவிட்டு, வரப்பையும் மதகையும் சரிசெய்கிறார்கள். பிறகு, மண்ணை வெட்டி முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்ன மேடுகளாகக் குவிக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை மேட்டில் விழ விழ, உப்பு கரைந்து கீழே இறங்கி, மதகு வழியாக வடிந்துவிடும். மேட்டு மண்ணில் உப்புக் குறைந்ததும், முளைகட்டிய விதையை அதன் தலையில் விதைக்கிறார்கள். அந்த மேடுதான் நாற்றங்கால். சுமார் ஒரு மாதம் கழித்து, நாற்றோடு சேர்த்து மேட்டை மண்கட்டிகளாக வெட்டி வயல் முழுக்கப் பரப்பிவிடுகிறார்கள். அதன் பிறகு உரம் இல்லை, பூச்சிக்கொல்லி இல்லை. ஏற்றவற்றத்தில் தண்ணீர் கொண்டுவரும் வண்டலும், முந்தைய பருவத்தில் இறால் விட்டுப்போன கழிவும்தான் உணவு.

ஐப்பசி வாக்கில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கதிரை மட்டும் அறுத்து எடுக்கிறார்கள். தாள் அப்படியே தண்ணீரில் கிடந்து அழுகும். இந்த நேரத்தில் மழை குறைந்து உப்பு ஏறும். இனி வயல் இறால் பண்ணை. ஏற்றத்தின்போது மதகைத் திறந்தால் இறால் குஞ்சுகள் தண்ணீரோடு உள்ளே வரும். இரவில் மதகருகே விளக்கு வைத்து அவற்றை ஈர்ப்பதும் உண்டு. அழுகிய தாளில் பெருகும் நுண்ணுயிர்கள் அவற்றுக்குத் தீனி. வற்றத்தின்போது மதகில் வலை கட்டினால் வளர்ந்த இறால் வலையில் விழும். நவம்பர் நடுவில் தொடங்கும் இந்த இறால் பருவம் ஏப்ரல் நடுவில் முடிய வேண்டும். அடுத்து நெல்லுக்கு நிலத்தைத் தயார் செய்ய வேண்டும். 'ஒரு நெல், ஒரு மீன்' என்பது அங்கே விதி.

பொக்காளி அரிசிக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகெங்கும் உவர் தாங்கும் நெல் ரகங்களை உருவாக்க விஞ்ஞானிகள் பயன்படுத்தும் 'சால்டால்' என்ற மரபுக்கூறு, பொக்காளி நெல்லிலிருந்து கண்டறியப்பட்டதுதான்.

பொக்காளிக்கும் கஷ்டம் இருக்கிறது. சேற்றில் இயந்திரம் இறங்காது. கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. விளைச்சலும் குறைவு. இறாலில் கிடைக்கும் வருமானத்தைப் பார்த்து, நெல்லை விட்டுவிட்டு வருடம் முழுக்க இறால் வளர்க்க நினைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். சுமார் 25,000 ஹெக்டேரில் நடந்ததாகச் சொல்லப்படும் பொக்காளி சாகுபடி, இன்று அதில் சிறு பகுதியில்தான் நடக்கிறது. ஆனால், நெல் போனால் தாள் இல்லை. தாள் இல்லாவிட்டால் இறாலுக்கு இயற்கைத் தீனி இல்லை. மழைக்காலத்தில் உப்பைக் கழுவி, நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும் இடைவெளியும் இல்லை. வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் முதலுக்கே மோசம். ஒன்று மற்றொன்றைத் தாங்கும் ஏற்பாட்டில் ஒரு காலை எடுத்தால் மற்றதும் ஆடும்.

நம் கரையில்...

வேம்பநாட்டில் கடல் வாசலை அதிக நாள் மூடியது சிக்கல் என்றால், காவிரிக் கடைமடையில் சிக்கல் ஆற்று வாசலில். திருவாரூர் மாவட்டம் முத்துப்பேட்டைக் காயலில் பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரைக்காக்கோரையாறு உள்ளிட்ட ஆறுகள் வந்து கலக்கின்றன. எல்லாம் காவிரியின் கிளைகள். ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடுவது சில மாதங்கள்தான். மற்ற நாள்களில் கடல் உள்ளே ஏறுகிறது. அங்குள்ள அலையாத்திக் காட்டில் உப்பை அதிகம் தாங்கும் வெண்கண்டல் மரமே பெரும்பான்மையாக இருப்பதற்கு, நல்ல தண்ணீர் குறைந்தது ஒரு முக்கிய காரணம்.

இந்தக் காட்டில் நடந்த இன்னொரு விஷயமும் விவசாயிகள் அறிய வேண்டியது. ஆங்கிலேயர் காலத்தில் மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் மண் வெயிலில் காய்ந்து, பள்ளமானது. பள்ளத்தில் புகுந்த கடல்நீர் வெளியேறாமல் ஆவியாகி, உப்பு மட்டும் தங்கியது. பிறகு அங்கே விதை விழுந்தும் முளைக்கவில்லை. பின்னாளில் மீன் முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டி, ஏற்றவற்றத் தண்ணீர் வந்து போக வழி செய்த பிறகுதான் கன்றுகள் பிழைத்தன. கடல்நீரே ஓடிக்கொண்டிருந்தால் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. தேங்கினால்தான் நிலத்தைக் கொல்கிறது.

வடக்கே பழவேற்காட்டிலோ, கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவதுதான் தீராத தொல்லை. வாய் அடைத்தால் படகு கடலுக்குப் போக முடியாது. இறால் குஞ்சு உள்ளே வர முடியாது. இதற்கு ஒடிசாவின் சிலிகா ஏரியைப் பார்க்கலாம். முகத்துவாரம் தூர்ந்து களை மண்டிக் கிடந்த அந்த ஏரிக்கு, 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாய் வெட்டப்பட்டது. 1999-2000-ல் சுமார் 1,700 டன்னாக இருந்த மீன், இறால் வரத்து, இரண்டே ஆண்டுகளில் 11,000 டன்னைத் தாண்டியது.

'ஆற்றுத் தண்ணீர் கடலில் வீணாகக் கலக்கிறது' என்ற பேச்சு நம்மிடம் அதிகம். வெள்ளத்தைச் சேமிக்கத்தான் வேண்டும். அதேசமயம், கடைசி வரை ஓடும் தண்ணீர் உப்பைத் தள்ளி நிறுத்துகிறது. முகத்துவார மணலை அரித்துத் திறக்கிறது. கரையோரக் கிணற்றை இனிப்பாக வைத்திருக்கிறது. கடைமடை விவசாயிக்கு அது வீண் அல்ல, வேலி.

வாசகர் கேள்விகள்

*கடல்நீர் புகுந்த வயலை எப்படி மீட்பது?*

முதல் வேலை, தேங்கிய நீரை வடிப்பது. உப்பு காய்ந்து படிய விடக் கூடாது. பிறகு வரப்பை உயர்த்தி மழைநீரையோ ஆற்றுநீரையோ தேக்கி, ஓரிரு நாள்கள் கழித்து வடிகாலில் விட வேண்டும். இதைப் பல முறை செய்தால் உப்பு கரைந்து வெளியேறும். வடிகால் இல்லாமல் தண்ணீர் மட்டும் கட்டினால் பயன் இல்லை. அடுத்து தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம்.

*ஜிப்சம் போட்டால் உப்பு போய்விடுமா?*

உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு. மண்ணில் கரையும் உப்பு அதிகமாக இருந்தால் உவர். அதற்கு மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலும். மண்ணில் சோடியம் பிடித்துக்கொண்டு, கார அமிலத் தன்மை 8.5-க்கு மேல் போனால் களர். ஜிப்சம் அதற்குத்தான். மண் பரிசோதனை செய்து, எது என்று தெரிந்துகொண்டு செலவு செய்வதே நல்லது. பரிசோதனை அறிக்கையோடு வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகினால், நிலத்துக்கு ஏற்ற உப்புத் தாங்கும் நெல் ரகத்தையும் கேட்டுப் பெறலாம்.

*கடலோரக் கிணறு உப்பாகி வருகிறது. இன்னும் ஆழமாகத் துளை போடலாமா?*

போடக் கூடாது. கடலோர மணல் பகுதியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி இருந்தால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி இறங்கினால், கீழிருந்து உப்பு 40 அடி ஏற இடம் கிடைக்கும். எனவே ஆழம் குறைந்த கிணற்றில், கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு இறைக்க வேண்டும். ஊர்க் குளத்தைத் தூர்வாரி மழைநீரை நிறுத்துவதுதான் நிலையான தீர்வு. அதை ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. ஒரே கரையில் இருப்பவர்கள் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது.